அரை டின் வெடிமருந்து

பிப்ரவரி 9, புதன்

பூஜ்யத்துக்குக் கீழே பன்னிரண்டு டிகிரி. பனி உறையாமலிருக்க வாசற்படியில் உப்புத் தூவினேன்.

பில்லிங்ஸிலிருந்து ஒருவர் சிவப்பு டின் ஒன்றைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். எந்த வருஷத்து வெடிமருந்து, இன்னும் தோட்டாவில் போட்டுச் சுடலாமா என்று இரண்டு கேள்விகள். முதலாவதற்குப் பதில் படத்திலேயே இருந்தது. கம்பெனி முகவரியில் பின்கோடு இல்லை. ஆகவே 1963க்கு முன். உடம்பு அட்டை, மூடியும் அடியும் மட்டும் தகரம். ஆகவே தகரம் கிடைக்காத யுத்த காலம். 1943 அல்லது 44 என்று எழுதினேன். இரண்டாவதற்கு, நேரில் மோந்து பார்க்காமல் சொல்ல முடியாது என்று எழுதினேன்.

மோந்து பார்க்காமல்! எழுதி அனுப்பிவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நவம்பரில் காய்ச்சல் வந்து போனதிலிருந்து மூக்கு செத்துக் கிடக்கிறது. இன்று என் வீட்டுக்காரர் கஸ் இறைச்சியை அடுப்பில் கருக விட்டுவிட்டார். நான் நாலடி தூரத்தில் நாற்காலியில். புகை கண்ணைக் கரித்த பிறகுதான் தெரிந்தது.

"வீடே எரிஞ்சாலும் நீ பேப்பரை முடிச்சுட்டுத்தான் எழுந்திருப்ப போல" என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "ஏலக்கார டுவைட்கிட்ட சொல்லிட்டியா, மேவிஸ்?"

"வந்துடும். டாக்டரம்மா ஆறு மாசம் ஆகலாம்னாங்க."

"அவங்க சூப்பு ருசியைப் பத்திச் சொன்னாங்க. நீ வெடிமருந்தை மோந்து பார்க்கறவ."

சாயங்காலம் டுவைட் போன் செய்தார். ஹாப்சனில் ஒரு வீடு. பழைய ரயில் நிலைய அதிகாரி ஆர்லோ டிரஸ்காட் அக்டோபரில் காலமாகிவிட்டாராம். நிலவறை நிறைய மருந்து, தோட்டாவைப் பற்றவைக்கும் கேப்பு, தோட்டாக் கூடு. ஏலத்துக்கு முன் நான் வயதும் தரமும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சரி என்றேன்?

பிப்ரவரி 12, சனி

இருபத்தாறு வருடமாக இறந்துபோனவர்களின் நிலவறைகளில் இறங்கிக்கொண்டிருக்கிறேன். இப்படி ஒன்றைக் கண்டதில்லை.

கதவைத் திறந்தது மகள் கோரீன். எழுபத்தொரு வயது, கட்டைக் குட்டையான உடம்பு, முன்கையில் பழைய தீக்காயத் தழும்புகள். கிரேட் ஃபால்ஸில் பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தெட்டு வருடம் ரொட்டி சுட்டவளாம். கை குலுக்கவில்லை.

"சீக்கிரம் முடிச்சுக் குடுங்க. நான் படுக்கறது அந்த நிலவறைக்கு நேர் மேல."

கீழே அழைத்துப்போய் விளக்கைப் போட்டாள். வடக்குச் சுவர் முழுக்கப் பலகைத் தட்டுகள். அறுபத்தொரு டின்கள், வருட வரிசைப்படி. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு துண்டுத் தாள், ஒரே கையெழுத்து: வாங்கிய தேதி, வாங்கிய கடை, அன்றைய வானிலை. "1952 மார்ச் 8, லூயிஸ்டவுன், வடகாற்று, ஈரமில்லை." என் வேலையில் பாதியை அவரே எனக்காக முடித்து வைத்திருந்தார். சும்மா இருப்பேனா? ஒன்றிரண்டை லேபிளோடு ஒப்பிட்டேன். கம்பெனி தெரு மாறிய வருடம், எழுத்தின் நிறம் மாறிய வருடம், எதுவும் பிசகவில்லை.

கடைசித் தட்டில் ஒரு கறுப்பு மருந்துப் பீப்பாய், என் தலை அளவு. மேலே நாயோடு நிற்கும் வேட்டைக்காரன் படம், நிறம் மங்காமல். 1890களில் செய்தது. மெல்லச் சாய்த்தேன். உள்ளே உலர்ந்த அரிசி சரிவது போன்ற சத்தம். கறுப்பு மருந்துக்கு வயதே கிடையாது, ஈரம் படாமல் இருந்தால் போதும். அதன்பின் வந்த புகையில்லா மருந்துதான் நம்மைப் போல. வெளியே பளபளவென்றிருக்கும், உள்ளுக்குள் கெடும். கெடத் தொடங்கினால் தானே சூடாகி, ஒருநாள் தானே பற்றிக்கொள்ளும்.

அந்தப் பீப்பாயைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ. கோரீன் மேலிருந்து கத்தினாள்: "உயிரோடதான் இருக்கீங்களா?"

பிப்ரவரி 13, ஞாயிறு

காபித் தூள் டப்பாவைத் திறந்து மூக்கை வைத்தேன். ஒன்றுமில்லை.

பிப்ரவரி 15, செவ்வாய்

இன்று கண்டதை ஒழுங்காக எழுத முடியுமா தெரியவில்லை.

வடக்குச் சுவரின் அடியில், தரைக்கல்லின் மேல், ஒரு டின் மட்டும் தனியாக இருந்தது. பக்கத்தில் நீளமான ரயில்வே பேரேடு. பிரித்தேன். முதல் பக்கத்தில், 1949 நவம்பர் 6 தேதியிட்டு:

"இந்த மருந்து எத்தனை வருடம் கெடாமல் இருக்கும் என்று கடைக்காரருக்குத் தெரியவில்லை. கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன், அவர்களும் உறுதியாகச் சொல்லவில்லை. பார்க்கலாம்."

அதன்பின் வருடத்துக்கு ஒரு வரி. ஒவ்வொரு நவம்பரிலும் முதல் ஞாயிறு, அதே டின்னிலிருந்து அதே எடை மருந்து, ஒரே ஒரு தோட்டா. அங்குல கனப் பைன் பலகைகளை வரிசையாக நிறுத்தி அதே துப்பாக்கியால் ஒரு சூடு. எத்தனை பலகை துளைத்தது? 1949: ஒன்பது. 1950: ஒன்பது. 1951: ஒன்பது. 1955: எட்டு, பக்கத்தில் "பலகை ஈரம், மருந்தின் குற்றம் இல்லை." 1956: ஒன்பது. பக்கம் பக்கமாக ஒன்பது. 1960 முதல் துப்பாக்கியை மேசையில் இறுக்கி, தூரத்திலிருந்து கயிற்றால் விசையை இழுத்திருக்கிறார். "வயதாகிவிட்டது. மருந்துக்கு, எனக்கில்லை."

நான் பிறந்த வருடம் அது. அதற்கும் பதினோரு வருடம் முன்னால் திறந்த டின். கடைசி வரி 2020 நவம்பர் 1, கையெழுத்து நடுங்குகிறது: ஒன்பது.

எழுபத்திரண்டு சூடு. ஒரு வருடம்கூட விடவில்லை. மேலே ஓடிப்போய்க் கோரீனிடம் காட்டினேன்.

அவள் ரொட்டி மாவிலிருந்து கையை எடுக்கவில்லை. "தெரியும். நான்தான் அந்தப் பலகையெல்லாம் தூக்கினவ. பத்து வயசுல இருந்து. விரல் விறைச்சுப் போயிரும். மத்த பசங்கப்பா எல்லாம் வாத்து சுடப் போவாங்க, எங்கப்பா மரக்கட்டையைச் சுடுவாரு. வருஷம் முழுக்க என்கிட்ட பேசினதைவிட அந்த டின்கிட்ட பேசினது அதிகம்."

"அதுல இன்னும் பாதி டின் இருக்கு, கோரீன்."

"இருக்கட்டுமே."

பிப்ரவரி 19, சனி

வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் பக்கத்தில், பழைய குளிர்பெட்டிக்குப் பின்னால், ஒரு பெரிய அட்டை டிரம். இதைப் போன முறை பார்க்கவில்லை. யுத்தம் முடிந்ததும் ராணுவ மிச்சத்தை மலிவாக விற்றார்களே, அந்தச் சரக்கு. நாற்பது பவுண்டுக்குக் குறையாது. லேபிள் இல்லை, ஆணியால் கீறிய எண் மட்டும். உள்ளே தடித்த காகிதப் பை. பையின் வாயை விலக்கிப் பார்த்தேன். மணிகள் கறுப்பாக, பளபளப்பாக. கெட்டால் வரும் துரு இல்லை. சிவப்புத் தூள் இல்லை. கோரீன் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

குனிந்து மோந்து பார்த்தேன். "நல்லா இருக்கு" என்றேன். படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

என்ன காரியம் செய்தேன்? கண்ணுக்குத் தெரிவதற்கு எத்தனையோ மாதம் முன்பே மூக்குக்குத் தெரியும் — இதை எத்தனை பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். நல்ல மருந்தில் ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாசனை, கெட்டதில் வினிகர் போலக் காடி நெடி. எனக்கு இரண்டும் இல்லை. டிரம்மில் முகத்தை வைத்தபோது வெறும் குளிர்தான் வந்தது.

நாலு மாதமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். இதற்கு முன் நாலு வீடு.

பிப்ரவரி 22, செவ்வாய்

நடந்தது நடந்தபடி.

டிரம்மின் எண்ணைக் குறிக்க மறந்துபோனதாகச் சொல்லிக்கொண்டு போனேன். உண்மையில் மனசு கேட்கவில்லை. மூடியைத் திறந்து வைத்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தேன். கோரீன் காபியோடு இறங்கி வந்தாள். பாதிப் படியில் நின்றுவிட்டாள்.

"யாரு வினிகர் பாட்டிலை உடைச்சது?"

"எங்க?" என்றேன்.

"எங்கயா? மூக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன், எங்கன்னு கேக்கறீங்க! இந்த டிரம்தான். வினிகர், அதோட காய்ச்சின இரும்பு மாதிரி ஒண்ணு. தொண்டையைப் பிடிக்குது."

மறுபடி குனிந்தேன். ஒன்றுமே இல்லை.

"கோரீன், கொதிகலனை அணைங்க. இப்பவே."

அணைத்துவிட்டுத் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். "சனிக்கிழமை நல்லா இருக்குன்னீங்க. மோந்து பார்த்தீங்க. நான் பார்த்தேனே."

"மோந்து பார்க்கற மாதிரி செஞ்சேன். எனக்கு வாசனை தெரியாது. நவம்பர்லேர்ந்து."

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"எங்க ஸ்கூல்ல ஒரு பொண்ணு பால் கெட்டிருக்கான்னு பார்க்காம டம்ளர்ல ஊத்தினா. முப்பது பசங்க வாந்தி. அன்னிக்கே அவளை வீட்டுக்கு அனுப்பினேன். அது பால். உங்க வார்த்தையை நம்பி இது மேல நான் மூணு ராத்திரி படுத்திருக்கேன், மேவிஸ்."

"தெரியும்."

"என்ன தெரியும் உங்களுக்கு!"

பிறகு கோப்பையைப் படியில் வைத்தாள். "அந்தப் பக்கம் பிடிங்க. மெதுவா."

இரண்டு கிழவிகள், ஒரு டிரம், பதினொரு படி. குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கினோம். வீட்டிலிருந்து நூறு தப்படி தள்ளிப் பனியில் இறக்கினோம். மூச்சு வாங்கியது. அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

பிப்ரவரி 23, புதன்

தீயணைப்புத் தலைவர் வந்தார். வெயிலில் வைத்துக் காகிதப் பையை அடிவரை கிழித்தார். அடி மடிப்புகளில், நான் பார்க்காத இடத்தில், செங்கல் பொடி போலச் சிவப்புத் தூள்.

"இன்னும் ஒரு கோடை தாண்டியிருக்காது" என்றார். டிரம்மில் தண்ணீரை ஊற்றி மூழ்கடித்தார். வசந்தத்தில் வெட்டவெளியில் எரிக்க வேண்டும்.

அவர் போனபிறகு கோரீன் ஜன்னலோரம் போய் நின்றாள். "அதைக் கொதிகலன்கிட்ட வச்சது நான்தான்" என்றாள். "ரெண்டு வருஷம் முன்னாடி. அப்பாவுக்குக் கால் முடியல, கீழ இறங்க மாட்டாரு, நவம்பர்ல அந்த டின்னைக்கூட நான்தான் மேல கொண்டுபோய்க் குடுத்தேன். குளிர்பெட்டி வைக்க இடம் பத்தல. வடக்குச் சுவர்லேர்ந்து நகர்த்திட்டேன். அவர்கிட்ட சொல்லல. நகர்த்தாதேன்னு நூறு தடவை சொல்லியிருக்காரு, சும்மா உளர்றாருன்னு நினைச்சேன்."

இருவரும் மேசையில் உட்கார்ந்து அவள் சுட்ட ரொட்டியைத் தின்றோம். எனக்கு அது வெறும் சூடு. நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. அவளும் கேட்கவில்லை.

மார்ச் 1, செவ்வாய்

நாலு வீட்டுக்கும் போன் செய்தேன். என் கையெழுத்தை நம்பாதீர்கள் என்று என் வாயாலேயே சொன்னேன். மூன்று பேர் நன்றி சொன்னார்கள். ஸ்டான்ஃபோர்டில் ஒருவர், "உங்களை நம்பி மருந்துப் பெட்டியை என் பேரனுக்குக் குடுத்துட்டேனே, பொம்பளை!" என்று கத்தினார். கத்தட்டும்.

டுவைட் மெதுவாகத்தான் பேசினார். "நீங்க சொன்னது சரி மேவிஸ். ஆனா இனிமே எப்படி உங்களை அனுப்புவேன்?" அனுப்ப வேண்டாம் என்றேன்.

கஸ் என் பூட்ஸுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 3, வியாழன்

கோரீன் போன். முகமன் எதுவும் இல்லை. "அந்த நாலு வீட்டுக்கும் யாரு போய்ப் பார்க்கறது?"

"வேற ஆளைத் தேடறேன்."

"மூக்கு இருக்கற ஆளா? என்கிட்ட ஒண்ணு இருக்கு. முதல்ல எங்க வீட்டு டின்னெல்லாம் முடிப்போம். நல்லது எப்படி இருக்கும், கெட்டது எப்படி இருக்கும்னு மட்டும் சொல்லு."

சொல்லு என்றாள். சொல்லுங்க என்று அல்ல.

மார்ச் 9, புதன்

இன்று நான் வாய் பிளந்து நின்ற நாள்.

டின்னை நான் திறப்பேன், கோரீன் மேலே கையால் விசிறி வாசனையை இழுப்பாள். மூக்கை உள்ளே விட மாட்டாள். சொல்லித் தராமலே அப்படித்தான் செய்தாள். ரொட்டி மாவுக்கும் அப்படித்தானாம். "நல்லது. நல்லது. ஸ்பிரிட்டு. இது ஸ்பிரிட்டுதான், ஆனா அடியில கொஞ்சம் தூசி. நல்லது." முப்பத்தெட்டாவதில் நின்றாள். "இது இன்னும் கெடல. கெடப் போகுது. பால் திரியறதுக்கு முதல் நாள் மாதிரி." மூடியின் உள்பக்கத்தை உருப்பெருக்கியில் பார்த்தேன். ஊசி முனை அளவு துரு, ஒரே ஒரு புள்ளி. என் மூக்கு நன்றாக இருந்த காலத்தில்கூட இதைப் பிடித்திருக்க மாட்டேன். சத்தியமாக.

கடைசியாக ஆர்லோவின் அந்த டின். கோரீன் முதல்முறையாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இதுல கெட்ட வாடை ஒண்ணுமே இல்ல மேவிஸ். புது நாற்காலிக்கு வார்னிஷ் அடிச்ச மாதிரி. அவ்வளவு சுத்தம்." திறந்த கண் நனைந்திருந்தது. "நேத்துத்தான் வாங்கிட்டு வந்த மாதிரி இருக்கு."

எழுபத்திரண்டு வருடம். ஒரு மனிதன் தினமும் காலையில் எழுந்து, அதைக் கொதிகலனிலிருந்தும் வெயிலிலிருந்தும் ஈரத்திலிருந்தும் காத்திருக்கிறான். காசுக்காக இல்லை. தெரிந்துகொள்ள. அவ்வளவுதான்.

மார்ச் 12, சனி

நாலு வீடும் முடிந்தன. மூன்றில் எல்லாம் சரி. நாலாவது ஸ்டான்ஃபோர்டுக்காரர், பேரனிடமிருந்து பெட்டியைத் திரும்ப வாங்கி வைத்திருந்தார். ஒரு சின்ன டின் கெட்டிருந்தது. வாசல்வரை வந்து கோரீனுக்கு மட்டும் கை கொடுத்தார்.

ஏப்ரல் 14, வியாழன்

டிரம்மை எரித்தோம். சரளைத் தரையில், நனைந்த மருந்தை உலரவிட்டு, தீயணைப்புக்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாக மெல்லிய கோடுகளாக இழுத்துத் தீ வைத்தார்கள். வெடிக்கும் என்று கோரீன் காதைப் பொத்திக்கொண்டாள். வெடிக்கவில்லை. அடைத்து வைத்தால்தான் அதற்கு அந்தக் கோபம். மஞ்சள் தீ தரையோடு ஓடியது, ஆள் உயரத்துக்கு எழுந்து, பெருமூச்சு விட்டு அடங்கியது. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு மூச்சு. மலையடிவாரம் வரை பசுக்கள் தலை தூக்கிப் பார்த்தன.

இவ்வளவும் அவள் கட்டிலுக்குக் கீழே இருந்தது.

மே 8, ஞாயிறு

சேகரிப்பாளர் ஒருவர் பேரேட்டையும் டின்னையும் கேட்டு மூன்று கடிதம் எழுதிவிட்டார். கோரீன் பதில் போடவில்லை. போன நவம்பர் சூடு நடக்கவில்லை அல்லவா, அவள் அப்பா அக்டோபரிலேயே போய்விட்டாரே. அது அவளை உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது.

"நவம்பர் வரைக்கும் காத்திருக்க முடியாது. எனக்கு எழுபத்தொண்ணு."

துப்பாக்கிக் குழாயை நான் விளக்கு வைத்துப் பார்த்தேன். மருந்தை மூன்று முறை எடை போட்டேன். கஸ் பன்னிரண்டு பலகைகளை நிறுத்தினார். துப்பாக்கியை மேசையில் இறுக்கிவிட்டு, லாரிக்குப் பின்னால் நின்று, கோரீன் கயிற்றைப் பிடித்தாள்.

"இழுக்கட்டுமா?"

"உங்கப்பா எப்படிச் செய்வாரு?"

"ஒண்ணும் சொல்ல மாட்டாரு. இழுத்துருவாரு."

இழுத்தாள். ஒரே அடி. கூர்மையான, சுத்தமான சத்தம். மலையில் பட்டுத் திரும்பி வந்தது.

பலகைகளைப் பிரித்தது அவளேதான். ஒன்று, இரண்டு, மூன்று. கஸ் வாய் விட்டு எண்ணினார். எட்டாவதில் சுத்தமான துளை. ஒன்பதாவதைத் தூக்கினாள். துளை வழியாக அவள் கண் எனக்குத் தெரிந்தது. பத்தாவதன் முகத்தில் செம்புக் குண்டு பாதி புதைந்து நின்றது.

நான் தொப்பியைக் கழற்றியதே எனக்குத் தெரியாது. ஆர்லோவின் முதல் கேள்விக்கு இன்னமும் விடை வரவில்லை. அந்த மருந்து எத்தனை வருடம் இருக்கும்? தெரியாது. இன்னும் யாருக்கும் தெரியாது.

"நான் சின்ன வயசுல கேட்டேன்," என்றாள் கோரீன். "ஏம்ப்பா, எல்லா வருஷமும் ஒன்பதுதானே, அப்புறம் எதுக்குன்னு. 'அதான் அதிசயம்'னாரு. பைத்தியக்காரர்னு நினைச்சேன்." பலகைத் தூளைக் கையிலிருந்து தட்டினாள். "அது புரிய எனக்கு அறுபது வருஷம் ஆச்சு."

ஜூன் 18, சனி

ரவுண்டப்பில் ஒரு பண்ணை வீடு. மாடிப்படிக்கு அடியில் ஒன்பது டின், ஒரு பெட்டி கேப்பு. டுவைட் அனுப்பினார், இரண்டு பேருமாகப் போவதென்றால் சரி என்று.

கேப்புப் பெட்டி 1958 என்றேன். கோரீன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு 61க்குப் பிந்தியது என்றாள். கம்பெனி பெட்டிக்குள் மரத்தட்டை எடுத்துவிட்டு அட்டைத் தட்டு வைத்தது எப்போது என்று என்னிடமே கேட்டாள். நான் விடவில்லை. கார் வரை வாக்குவாதம். வீட்டுக்கார அம்மா எங்களைப் பார்த்து, "நீங்க அக்கா தங்கச்சியா?" என்றாள்.

வீட்டுக்கு வந்து என் பழைய விலைப்பட்டியல்களைப் புரட்டினேன். அட்டைத் தட்டு 1961 கோடையில்தான் வந்திருக்கிறது.

போன் செய்து சொன்னேன். "எழுதிக்கோ" என்றாள், "நாளைக்கு மறந்துடுவ."

எழுதிக்கொண்டேன். படிவத்திலும் திருத்தி, கையெழுத்துக்கான இடத்தில் இன்னொரு கோடு போட்டு, முதல் கோட்டின் கீழே அவள் பெயரையும் இரண்டாவதன் கீழே என் பெயரையும் அச்செழுத்தில் எழுதினேன்.